ஆங்கிலச் செய்தியில் ‘ராலி’ வந்தால் தமிழில் என்ன எழுதுவது: முழுமையான வழிகாட்டி

‘பங்குச்சந்தையில் பேரணி’, ‘தங்கம் விலையில் பேரணி’, ‘73 ஷாட் பேரணியில் சிந்து’. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்துப் போடும் தளங்களில் இப்படிப்பட்ட வரிகள் தினமும் கண்ணில் படுகின்றன. செய்தி டெஸ்க்கில் புதிதாக உட்காருபவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ராலி என்றால் பேரணி என்று பள்ளியிலேயே மனதில் பதிந்துவிட்டது. அதற்கு அப்பால் அந்தச் சொல்லுக்கு வேறு வேலைகள் இருப்பது தெரிந்தாலும், நேர நெருக்கடியில் கை பழைய சொல்லையே தட்டிவிடுகிறது.

ஆங்கில ஏஜென்சி செய்திகளைத் தமிழாக்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். வரிசை மாறினால் ஏன் தவறு வருகிறது என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழுச் செய்தி வேண்டும். தலைப்பும் முதல் பத்தியும் மட்டும் போதாது. செய்தியோடு வந்த படங்களைத் திறந்து வையுங்கள். அரசியல் கூட்டச் செய்திகளில் பல நேரம் பதில் படத்தில்தான் இருக்கும்.

சந்தைச் செய்தி என்றால் குறைந்தது இரண்டு எண்கள் வேண்டும்: எங்கிருந்து ஏறியது, எதுவரை ஏறியது. விளையாட்டு என்றால் ஸ்கோர்கார்டு. உங்கள் மாநிலத்தில் நடந்த நிகழ்ச்சி என்றால் அந்த மாவட்டச் செய்தியாளரின் எண். டெல்லியிலிருந்து சுற்றி வரும் ஆங்கிலப் பிரதியைவிட, களத்தில் நின்றவர் சொல்லும் ஒரு வாக்கியம் பயன் தரும்.

## 1. எது ராலி செய்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

அகராதியைத் திறக்காதீர்கள். தலைப்பையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். செய்தியைக் கடைசி வரி வரை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே ராலியில் இருப்பது யார், அல்லது எது? மக்களா, வாகனமா, பந்தா, விலையா, தோற்றுக்கொண்டிருந்த அணியா, படுக்கையில் இருக்கும் நோயாளியா?

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அகராதியில் முதலில் வரும் பொருளைப் பார்த்துவிட்டால், செய்தியை அதற்குப் பொருந்தும்படி வாசிக்கத் தொடங்கிவிடுவோம். ஆங்கிலத் தலைப்போ பெயர்ச்சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும். அதில் யார் என்ன செய்தார் என்பது தெரியாது.

## 2. மக்கள் என்றால்: நகர்ந்தார்களா, ஒரே இடத்தில் கூடினார்களா?

அதிகத் தவறு நடப்பது இங்கேதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம். ஆங்கிலத்தில், குறிப்பாக இந்திய ஆங்கிலத்தில், திடலில் மேடை போட்டுப் பேசும் கூட்டமும் ராலி, தெருவில் கொடி பிடித்து நடப்பதும் ராலி. தமிழில் பேரணி என்றால் நகர வேண்டும். அதற்குத் தொடங்கும் இடமும் முடியும் இடமும் உண்டு.

எனவே செய்தியில் தடயங்களைத் தேடுங்கள். ‘கொடியசைத்துத் தொடங்கி வைத்தார்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அது பேரணி. ‘இங்கிருந்து அங்குவரை’ என்று வழி சொல்லியிருந்தாலும் பேரணிதான். தலைவர் ‘ராலியில் உரையாற்றினார்’ என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது பொதுக்கூட்டம். படத்தில் மேடை, நாற்காலி வரிசை, மூங்கில் தடுப்பு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். டெல்லி ராம்லீலா மைதானத்தில் ராலி என்று வந்தால் மக்கள் அங்கே கூடினார்கள் என்று பொருள். மைதானத்துக்குள் யாரும் ஊர்வலம் போகவில்லை.

நம்மிடம் இதற்குத் துல்லியமான சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன:

- மேடை, பேச்சு, பார்வையாளர் என்றால் பொதுக்கூட்டம்.
- கட்சியோ அமைப்போ பெரிய அளவில், தீர்மானங்களோடு நடத்தினால் மாநாடு.
- ஒரே இடத்தில் நின்று கோஷம் போட்டுக் கலைந்தால் ஆர்ப்பாட்டம்.
- தலைவர் திறந்த வாகனத்தில் கையசைத்துக்கொண்டே வந்தால் ரோடு ஷோ. வாசகர்கள் இப்படியேதான் சொல்கிறார்கள், மாற்ற வேண்டாம்.
- பதாகை ஏந்தி மாணவர்கள் நடந்தால் விழிப்புணர்வுப் பேரணி. பைக்கில் போனால் இருசக்கர வாகனப் பேரணி.

ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்தால் எப்படிச் சறுக்கும் என்பதற்கு வரலாற்றிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 1933 முதல் 1938 வரை ஆண்டுதோறும் நாஜிக் கட்சி நடத்தியவற்றை ஆங்கிலம் ராலி என்கிறது. அணிவகுப்புகள் அதில் உண்டு என்றாலும், பல நாள் நீடித்த கட்சி நிகழ்ச்சி அது. தமிழில் மாநாடு என்பதே பொருந்தும். 1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் நிகழ்ச்சி இதற்கு நேர் எதிர். ஆங்கிலப் பெயரில் ராலி என்ற சொல்லே இல்லை. ஆனால் மக்கள் வாஷிங்டன் நினைவுத்தூணிலிருந்து லிங்கன் நினைவகம்வரை நடந்தார்கள். நமக்கு அது பேரணி. அங்கே போய்ச் சேர்ந்தபின் நடந்தது கூட்டம்.

ஒரே நாளில் இரண்டும் நடந்தால் இரண்டையும் எழுதுங்கள்: ‘பேரணியாகச் சென்று, முடிவில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசினார்கள்.’ இதில் நீளத்தைப் பார்க்காதீர்கள்.

இவ்வளவு கறார் எதற்கு என்று புதியவர்கள் கேட்பதுண்டு. வழியே செய்தியாகிற நாள் வரும். 2021 ஜனவரி 26 அன்று டெல்லியில் விவசாயிகள் நடத்தியது டிராக்டர் பேரணி. காவல்துறையோடு பேசி முடிவு செய்த பாதை எது, அதிலிருந்து விலகி ஒரு பகுதியினர் செங்கோட்டைவரை போனது எப்படி என்பதுதான் அன்றைய சர்ச்சை முழுவதும். பொதுக்கூட்டத்தைப் பேரணி என்று எழுதினால், நடக்காத ஊர்வலம் ஒன்றை நாம் அச்சில் நடத்திவிடுகிறோம். பொதுக்கூட்டத்துக்கு மட்டும் காவல்துறை அனுமதி கொடுத்திருந்த ஊரில் ‘பேரணி நடந்தது’ என்று எழுதினால், அனுமதியை மீறினார்கள் என்று சொன்னதாகிவிடும். பேச்சு வழக்கின் வேறுபாடு என்று இதை ஒதுக்க முடியாது. இது தகவல் பிழை.

மூலத்தில் இல்லாத ‘மாபெரும்’, ‘பிரம்மாண்ட’ போன்றவற்றைச் சேர்க்காதீர்கள். பேரணி என்ற சொல்லிலேயே ‘பெரிய’ என்பது இருக்கிறது.

## 3. ராணுவ ராலி: இதைத் தனியாக எடுத்து வையுங்கள்

ராணுவம் நடத்தும் ‘ரெக்ரூட்மென்ட் ராலி’யை ஆள்சேர்ப்பு முகாம் என்று எழுதுங்கள். ‘ஆள்சேர்ப்புப் பேரணி’ என்று எழுதினால், இளைஞர்களைச் சேரச் சொல்லி ராணுவம் தெருவில் ஊர்வலம் போவதுபோல ஆகிவிடும். அங்கே நடப்பது உடல்தகுதித் தேர்வு: 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 9 அடிப் பள்ளம் தாண்டுதல், உடல் அளவு, சான்றிதழ் சரிபார்ப்பு.

இந்தச் செய்தியை வாசிப்பவர் அதை நம்பி விடியற்காலைப் பேருந்தில் ஏறப் போகும் பையன். அக்னிவீர் தேர்வில் 2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலில், முகாம் பிறகு என்று முறை மாறியது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும்தான் முகாம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அழைப்பே இல்லாதவர்கள் திடல் வாசலில் போய் நிற்பார்கள்.

சாரணர் ராலியும் இதே வகைதான். கூடி, தங்கி, பயிற்சி பெறும் நிகழ்ச்சி என்றால் முகாம்.

## 4. வாகனம் என்றால்: போட்டியா, அணிவகுப்பா?

வாகனங்கள் கட்சிக் கொடியோடு போனால் 2ஆம் படிக்குத் திரும்புங்கள். பழைய கார்களைத் துடைத்து மினுக்கி ஊரைச் சுற்றி வந்தால், அது பழங்கால கார்களின் அணிவகுப்பு. மோட்டார் விளையாட்டு என்றால் ராலி என்றே விடுங்கள். ஓட்டுபவர்களும் பார்ப்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் ராலியைப் பந்தயச் செய்திபோல எழுதாதீர்கள். சர்க்யூட் பந்தயத்தில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். முதலில் எல்லைக்கோட்டைத் தாண்டுபவர் வெல்கிறார். ராலியில் கார்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புறப்படும். போக்குவரத்தை அடைத்து வைத்த ‘ஸ்பெஷல் ஸ்டேஜ்’களில் ஒவ்வொருவரும் எடுத்த நேரத்தைக் கூட்டி, மொத்தம் குறைவாக இருப்பவரை வெற்றியாளர் என்பார்கள். ஒரு ஸ்டேஜிலிருந்து இன்னொன்றுக்குப் பொதுச் சாலையில், சாலை விதிப்படிதான் போக வேண்டும். ஆகவே ‘முதலாவதாக வந்து எல்லைக்கோட்டைத் தொட்டார்’, ‘அனைவரையும் முந்தினார்’ என்ற வரிகள் ராலிச் செய்தியில் பெரும்பாலும் பொய். ‘மொத்த நேரத்தில் முன்னிலை பெற்றார்’ என்று எழுதுங்கள்.

பக்கத்து இருக்கைக்காரரைத் ‘துணை ஓட்டுநர்’ என்று எழுதுவதும் வேண்டாம். தொலைதூரப் பேருந்தில் மாற்றி ஓட்டுபவர் என்ற எண்ணம் வந்துவிடும். அவர் ஸ்டேஜில் ஓட்டுவதில்லை. அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்று குறிப்பேட்டைப் பார்த்து ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவர். கோ-டிரைவர் என்றே எழுதி, முதல் முறை வரும்போது அவர் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

டக்கார் ராலியில் ஊர்ப் பெயர் ஏமாற்றும். 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து செனகலின் டக்காரை நோக்கித் தொடங்கிய போட்டி அது. 2009இல் தென் அமெரிக்காவுக்கும் 2020இல் சவுதி அரேபியாவுக்கும் இடம் மாறிவிட்டது. டக்கார் என்பது இப்போது போட்டியின் பெயர் மட்டும். ‘டக்காரில் நடந்த’ என்று எழுதினால் தவறு.

‘டிஎஸ்டி’ ராலி என்று வந்தால் இன்னும் கவனம். நேரம், வேகம், தூரம் ஆகிய மூன்றும் முன்கூட்டியே குறித்துக் கொடுக்கப்படும். தாமதமாக வந்தாலும் அபராதம், முன்னதாக வந்தாலும் அபராதம். அதில் வென்றவரை ‘அதிவேக வீரர்’ என்று புகழ்ந்தால், போட்டியின் விதியையே தலைகீழாக்கிவிடுவோம்.

## 5. பந்தோ இறகுப்பந்தோ என்றால்: சர்விலிருந்து புள்ளிவரை

இங்கேயும் ராலி என்றே எழுதலாம். ஆனால் வாசகருக்காக விளக்கம் சேர்க்கும்போது பலர் ‘பந்து தரையில் படாமல் மாறி மாறி அடிப்பது’ என்று எழுதிவிடுகிறார்கள். பாட்மின்டனுக்கு அது சரி. டென்னிஸில் ஒரு முறை தரையில் பட்டு எழும்பிய பந்தையும் அடிக்கலாம். டேபிள் டென்னிஸில் பந்து எதிராளியின் பக்கம் மேசையில் பட்டே ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது இதுதான்: சர்வ் போட்டது முதல் புள்ளி முடிவாகும்வரை இடைவிடாமல் நடக்கும் ஆட்டம்.

ஷாட் எண்ணிக்கை தெரிந்தால் கட்டாயம் கொடுங்கள். ‘நீண்ட ராலி’ என்றால் வாசகருக்கு ஒன்றும் புலப்படாது. 2017இல் கிளாஸ்கோவில் நடந்த உலக பாட்மின்டன் இறுதி ஆட்டத்தில் பி.வி. சிந்துவும் நொசோமி ஒகுஹராவும் இரண்டாவது கேமின் கடைசிப் புள்ளிக்கு 73 ஷாட் ஆடினார்கள். இருவரும் மூச்சு வாங்கிச் சரிந்து நின்றதை அந்த ஓர் எண்ணே காட்டிவிடுகிறது. டென்னிஸில் 1984இல் அமெரிக்காவின் ரிச்மண்டில் விக்கி நெல்சன், ஜீன் ஹெப்னர் ஆடிய ஒரே புள்ளி 29 நிமிடம், 643 ஷாட் நீண்டது.

‘ராலி பாயின்ட்’ முறை வந்தால் தனியாக விளக்குங்கள். ஒவ்வொரு ராலியின் முடிவிலும், யார் சர்வ் போட்டிருந்தாலும், வென்றவருக்குப் புள்ளி. பாட்மின்டன் 2006இல் இதற்கு மாறியது. அதற்கு முன்பு சர்வ் போட்டவருக்கு மட்டும்தான் புள்ளி. பழைய ஆட்டங்களின் ஸ்கோரை இன்றைய கணக்கில் ஒப்பிட்டு எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

## 6. தோற்றுக்கொண்டிருந்த அணி என்றால்: மீட்சி

இது சுலபம். சரிந்த அணி நிமிர்வதையும் ஆங்கிலம் ராலி என்கிறது. கிரிக்கெட்டில் பின்வரிசை வீரர்கள் ரன் சேர்த்தால் ‘சரிவிலிருந்து மீட்டார்கள்’. பேஸ்பாலில் பின்தங்கிய அணி ஒரே இன்னிங்ஸில் வரிசையாக ரன் எடுத்தால் ‘மீண்டெழுந்தது’. 2001இல் கொல்கத்தாவில் ஃபாலோ ஆன் வாங்கிய இந்தியாவை லட்சுமணும் டிராவிட்டும் 376 ரன் கூட்டணியால் தூக்கி நிறுத்தியது இந்த வகை. டென்னிஸ் செய்தியில் மட்டும் எச்சரிக்கை தேவை: இரண்டு பொருளும் ஒரே பத்தியில் வரும். முதல் செட்டை இழந்தவர் ராலி செய்தார் என்றால் மீண்டார் என்று பொருள், நீண்ட நேரம் பந்தை அடித்தார் என்று அல்ல.

## 7. விலை என்றால்: இரண்டு எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

சொல்லை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு எண்ணைப் பிறகு பார்ப்பது இந்தப் பகுதியின் பெரிய பிழை. ஏற்றம், எழுச்சி, மீட்சி மூன்றும் ஒன்றல்ல. ஏற்றம் என்பது பொதுச் சொல். பல வாரங்கள் தொடர்ந்த பெரிய உயர்வுக்கு எழுச்சி. விழுந்த உயரத்துக்குத் திரும்பினால், அல்லது அதை நெருங்கினால் மட்டும் மீட்சி.

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்து 25,981இல் முடிந்தது. 2021 ஜனவரி 21 அன்று முதல் முறையாக 50,000ஐத் தொட்டது. பத்து மாதத்தில் 92 சதவீத உயர்வு. இதை எழுச்சி என்று தாராளமாக எழுதலாம். ஒரு நாள் கால் சதவீதம் ஏறியதற்கும் ஆங்கிலச் செய்தி ராலி என்று போடும். அதற்கு ‘சற்று உயர்ந்தது’ போதும்.

‘பியர் மார்க்கெட் ராலி’யில், அதாவது நெடுநாள் சரிவில் இருக்கும் சந்தையில் இடையே வரும் ஏற்றத்தில், கைவைக்கும்போது ஒரு கணம் நிறுத்துங்கள். 1929 செப்டம்பரில் 381இல் இருந்த அமெரிக்க டவ் ஜோன்ஸ் குறியீடு, நவம்பரில் 198க்கு வீழ்ந்தது. 1930 ஏப்ரலில் 294க்கு ஏறியது. இழந்ததில் பாதிக்குமேல் திரும்பிவிட்டது. ஆபத்து முடிந்தது என்று நம்பியவர்கள் ஏராளம். 1932 ஜூலையில் அது 41இல் கிடந்தது. இப்படிப்பட்ட ஏற்றத்தை ‘மீட்சி’ என்று எழுதிவிட்டால், ஓய்வுக்காலப் பணத்தை வைத்துக்கொண்டு நம் செய்தியைப் படிப்பவரைத் தவறான பக்கம் தள்ளிவிடுவோம். ‘சரிவுக்கு நடுவே தற்காலிக ஏற்றம்’ என்று முழுதாக எழுதுங்கள். ‘தற்காலிக’ என்பதை இடம் போதவில்லை என்று வெட்டாதீர்கள்.

மற்றவற்றையும் காரணத்தைச் சொல்லி விரித்துவிடுங்கள். ‘ரிலீஃப் ராலி’ என்றால், பயந்தது நடக்காததால் சந்தை நிம்மதி அடைந்து ஏறியது. ‘ஷார்ட் கவரிங் ராலி’ என்றால், விலை இறங்கும் என்று கையில் இல்லாத பங்கை விற்றவர்கள் அவசரமாகத் திரும்ப வாங்கியதால் வந்த ஏற்றம். ‘சான்டா கிளாஸ் ராலி’ என்பது ஆண்டின் கடைசி ஐந்து வர்த்தக நாள், புத்தாண்டின் முதல் இரண்டு வர்த்தக நாள் ஆகியவற்றில் எதிர்பார்க்கப்படும் ஏற்றம். ‘கிறிஸ்துமஸ் தாத்தா பேரணி’ என்று இயந்திரம் கொடுக்கும்; எடுக்காதீர்கள், ‘ஆண்டு இறுதி ஏற்றம்’ என்று எழுதி, எந்த நாட்கள் என்பதை அடைப்புக்குறிக்குள் சொல்லுங்கள்.

தங்கத்துக்கு ‘விலை உயர்வு’ போதும். முதலீட்டாளருக்கு இனிக்கும் ஏற்றம், ஆவணிக் கல்யாணத்துக்கு நகை எடுக்க வேண்டிய வீட்டுக்குச் சுமை. ‘உற்சாக எழுச்சி’ என்றெல்லாம் எழுதும்போது யாருடைய உற்சாகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## 8. நோயாளி என்றால்: மூலம் சொன்னதைவிட ஒரு சொல்கூட அதிகம் வேண்டாம்

ஒருவர் உடல்நிலையில் ராலி கண்டார் என்றால், நலிந்திருந்தவர் சற்றுத் தேறினார். ‘குணமடைந்தார்’ என்று எழுதக் கூடாது. ‘உடல்நிலையில் சற்று முன்னேற்றம்’ என்பது பாதுகாப்பான சொல். அதோடு எந்த நேரத்து மருத்துவ அறிக்கை என்பதையும் சேருங்கள்; அடுத்த அறிக்கை மாறலாம்.

மரணத் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செவிலியர்கள் இதைத் தனிப் பொருளில் சொல்வதுண்டு. பல நாள் கண் திறக்காதவர் திடீரென எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார், மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மீண்டும் தளர்ந்துவிடுவார். நலவாழ்வுக் கட்டுரைகளில் இது வந்தால் ‘இறுதி நேரத் தெளிவு’ என்று எழுதி, அது குணமாவதன் அறிகுறி அல்ல என்பதை அதே பத்தியில் வையுங்கள். அந்தத் தெளிவை நம்பி, ஊரிலிருந்து வர வேண்டியவர்களை ‘அடுத்த வாரம் வரலாம்’ என்று நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. அணையப்போகும் விளக்கு உவமையைத் தனிநபர் செய்தியில் எழுதாதீர்கள். அவர் வீட்டாரும் அதைப் படிப்பார்கள்.

## 9. பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையில் எழுதுங்கள்

பொருள் தெளிந்தபின்தான் வாக்கியம். ஆங்கிலம் ‘ராலி கண்டது’ என்று பெயர்ச்சொல்லில் நிறுத்தும். தமிழில் வினையே அழகு: சந்தை ஏறியது, அணி நிமிர்ந்தது, மக்கள் திரண்டார்கள், நோயாளி தேறினார். ‘ஓர் எழுச்சியைச் சந்தித்தது’, ‘மீட்சியை வெளிப்படுத்தியது’ என்று எழுதினால் சொல் சரியாக இருந்தும் வாக்கியம் தமிழாக நடக்காது.

‘பின்னால் ராலி செய்தார்கள்’ என்ற ஆங்கிலத் தொடரிலும் இதே கதை. ஊழல் புகாரில் சிக்கிய தலைவருக்குப் பின்னால் கட்சியினர் ராலி செய்தார்கள் என்றால், தெருவில் யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். ‘அவருக்கு ஆதரவாக ஒன்றுபட்டார்கள்’ என்பதுதான் செய்தி.

## 10. தலைப்பு கடைசியில், பிறகு ஒரு தேடல்

இப்போது தலைப்பை எழுதுங்கள். முதலிலேயே எழுதியிருந்தால், உள்ளே பொதுக்கூட்டம் என்று திருத்தியபிறகும் தலைப்பில் பேரணி அப்படியே நிற்கும். இணையத்தில் இணைப்பு முகவரியும், மொபைலுக்குப் போகும் அறிவிப்பும் தலைப்பிலிருந்தே உருவாவதால் அந்தப் பிழை மூன்று இடங்களில் போய் உட்காரும்.

முடித்த பிரதியில் ‘பேரணி’ என்று தேடுங்கள். வரும் ஒவ்வொரு இடத்திலும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் சொல்லை மாற்றுங்கள்.

அடுத்து ‘ராலி’ என்றும் தேடுங்கள். ஆங்கிலத்தில் எழுத்து வேறாக இருந்தும் தமிழில் ஒன்றுபோல் வந்து விழும் பெயர்கள் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகர் ராலி. நம் தாத்தாக்கள் ஓட்டிய இங்கிலாந்து சைக்கிளும் ராலி. ‘ராலியில் டிரம்ப் பேச்சு’ என்ற தலைப்பை இரண்டு விதமாகவும் படிக்கலாம். ஊர் என்றால் ‘ராலி நகரில்’, கூட்டம் என்றால் ‘பிரசாரக் கூட்டத்தில்’ என்று பிரித்து எழுதிவிட்டு அனுப்புங்கள்.